தரைக்கடியில் தணல்

கே: எங்கள் கோயில் முன்பு சரக்குக் கிடங்காக இருந்த கட்டிடம். தை, மாசியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர்கள் கால் மாற்றிக் கால் வைத்து நர்த்தனம் ஆடுகிறார்கள். தரை முழுவதும் மின்சாரச் சூடு போட எஸ்டிமேட் வந்திருக்கிறது. போடலாமா?
– கோயில் குழு உறுப்பினர், ஸ்கார்பரோ

ப: 'முழுவதும்' என்பதை அடித்துவிட்டுப் போடலாம். சதுர மீட்டருக்கு 150 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 சதுர மீட்டர் மண்டபம் முழுக்கப் பதித்தால் 90 கிலோவாட். மின் இணைப்பையே மாற்ற வேண்டிவரும். சன்னிதிக்கு முன்னால் ஜனங்கள் நிற்கிற இடம், அர்ச்சனைச் சீட்டு வரிசை, சுற்றி வரும் பாதை, இவ்வளவுக்கு மட்டும் என்றால் 60, 70 சதுர மீட்டரில் அடங்கும். 10 கிலோவாட்டில் காரியம் முடிந்தது. குளிர்வது பக்தருக்கு, தூணுக்கு இல்லை.

தரையின் மேற்பரப்பு 29 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தர விதி. ஆள் நடமாட்டமில்லாத சுவரோரப் பட்டையில் மட்டும் 35 வரை விடுகிறார்கள். 29 என்பது நம் ஊரில் நிழலில் கிடக்கிற திண்ணையின் சூடுதான். கால் வைத்தவருக்குச் 'சுடுகிறது' என்று தோன்றவே கூடாது. குளிரை மறந்து கும்பிட்டால் போதும். கருங்கல் சூட்டை நன்றாகக் கடத்தும், ஆனால் கனமான கல் சூடேற நேரம் எடுக்கும். காலைப் பூஜைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே டைமர் ஓடத் தொடங்கட்டும். உண்டியல், வாகனம், சுருட்டி வைத்த ஜமக்காளம் இவற்றுக்கு அடியில் கேபிள் வேண்டாம். மேலே மூடிவிட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே ஏறிக்கொண்டிருக்கும். எஸ்டிமேட் கொடுத்தவரிடம் 'உண்டியலை எங்கே வைப்பீர்கள் என்று ஏன் கேட்கவில்லை?' என்று கேளுங்கள். முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கே: அபிஷேகத் தண்ணீர் ஓடுகிற தரைக்கடியில் கரண்டா? ஷாக் அடிக்காதா?
– அதே கோயிலின் பொருளாளர், அதே ஸ்கார்பரோ

ப: குழுவுக்குள் பேசிக்கொள்வதே இல்லையா? சூடேறும் கம்பியைச் சுற்றி இன்சுலேஷன், அதன்மேல் எர்த் செய்த உலோக உறை, அதற்கும் மேல் இன்னொரு உறை. எங்காவது பழுதானால் கசிவு எர்த் வழியாகப் போகும். 30 மில்லி ஆம்பியர் கசிவதற்குள் ட்ரிப் ஆகிற ஆர்.சி.டி. கட்டாயம் வேண்டும். அது இல்லாத பேனலில் கையெழுத்துப் போடாதீர்கள். பொருளாளருக்கு ஷாக் மாதக் கடைசியில் பில்லாகத்தான் வரும். அதற்கு அடுத்த பதிலைப் படிக்கவும்.

கே: 'எங்கள் சிஸ்டம் 100 சதவீதத் திறன் கொண்டது' என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?
– ஜிம் உரிமையாளர், பர்மிங்ஹாம்

ப: தாராளமாக நம்பலாம். ஒரு யூனிட் மின்சாரம் உள்ளே போனால் ஒரு யூனிட் சூடு வெளியே வரும். இதே 100 சதவீதம் உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கும் உண்டு. அதன் விற்பனையாளர் அடக்கமானவர், சொல்லிக்கொள்வதில்லை. ஹீட் பம்ப் என்ற யந்திரம் வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து, அதே ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு தருகிறது. ஆகவே பெரிய பரப்பு, நாள் முழுக்கச் சூடு என்றால் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய், அதற்கு ஹீட் பம்ப். சின்ன இடம், சில மணி நேரம், குழாய் போட ஆழமில்லை என்றால் மின்சாரம். டைலுக்கு அடியில் விரிக்கிற கேபிள் பாய் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனம்தான். கதவின் அடிப்பாகத்தை இழைக்க வேண்டியதில்லை.

உங்கள் ஜிம்மில் உடை மாற்றும் அறைக்கும் குளியலறைக்கும் போடுங்கள். எடை தூக்குகிற ஹாலுக்கு எதற்கு? அங்கே தங்களைத் தாங்களே சூடாக்கிக்கொள்ளத்தான் சந்தா கட்டுகிறார்கள்.

கே: பதித்தது போக நான்கு மீட்டர் கேபிள் மிச்சம். வெட்டிவிடலாமா?
– எலக்ட்ரிசியன், ஸ்கார்பரோ

ப: கத்தியைக் கீழே போடுங்கள்! அந்தக் கேபிளின் நீளமே அதன் கணக்கு. நீளம் குறைந்தால் தடை குறையும், தடை குறைந்தால் கரண்ட் கூடும். பாதியாக வெட்டினால் மொத்த வாட் இரண்டு மடங்கு. ஒவ்வொரு மீட்டரும் நான்கு மடங்கு சூடாகும். நான்கு மீட்டர்தானே என்று வெட்டினாலும் கணக்கு கெட்டது கெட்டதுதான். மிச்சத்தை இடைவெளியைச் சற்று நெருக்கி உள்ளேயே ஓட்டுங்கள், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகக் கூடாது. (நீங்கள் அந்தக் கோயில் வேலையைச் செய்பவர் இல்லை என்று நம்புகிறேன்.)

கே: பத்து மீட்டர் உயரக் கூரை உள்ள பட்டறை. ஹீட்டர் ஊதுகிற சூடெல்லாம் கூரைக்குப் போகிறது, ஆட்கள் கோட்டு போட்டு வேலை செய்கிறார்கள். தரைச்சூடு தீர்வாகுமா?
– பட்டறை மேலாளர், லெஸ்டர்

ப: நோயைச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். சூடான காற்று மேலே போகும். ஊதுகிற ஹீட்டர் முதலில் கவனிப்பது கூரைக் குருவியைத்தான். தரை சூடானால் சூடு கீழே, கால் மட்டத்தில் தொடங்குகிறது. விமானக் கொட்டகைகளில் தரைச்சூடு விரும்பப்படுவதும் இதனால்தான்: ராட்சசக் கதவைத் திறந்து விமானத்தை இழுத்தால் உள்ளே இருந்த காற்று முழுக்கப் போய்விடும், ஆனால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் சூடு கதவு வழியாக நடந்து போகாது. மூடிய கொஞ்ச நேரத்தில் அறை பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஆனால் பட்டறையில் ஒரு வில்லன் உண்டு. அவர் பெயர் டிரில். புது யந்திரம் வரும், ரேக் வரும், அதன் காலைத் தரையில் போல்ட் அடித்து இறுக்க யாராவது டிரில்லோடு வருவார். அவருக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. 12 மில்லிமீட்டர் துளை ஒன்று போதும், ஒரு சர்க்யூட் முழுதும் செத்துப்போகும்.

அதனால்தான் இந்தத் தொழிலில் கண்டிப்பானவர்கள் இன்சுலேஷன் பழுதைக் காட்டும் மெக்கர் என்ற மீட்டரை எடுத்துக்கொண்டே திரிவார்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒரு முறை, பதித்ததும் ஒரு முறை, கான்கிரீட் ஊற்றும்போது மாட்டியபடியே, இறுகியபின் ஒரு முறை. ஊற்றிக்கொண்டிருக்கும்போது முள் விழுந்தால் மண்வெட்டிக்காரரை அப்போதே நிறுத்தி, ஈரக் கலவைக்குள் கையை விட்டுச் சரிசெய்யலாம். இறுகியபின் தெரிந்தால் தெர்மல் கேமராவும் பிரார்த்தனையும். ஊற்றுவதற்கு முன், சுவரிலிருந்து அளவு தெரியும்படி டேப்பை வைத்துப் போட்டோ எடுங்கள். அந்தப் போட்டோவைப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அலுவலக ஃபைலில் வைத்தால், டிரில்காரர் ஃபைல் பார்ப்பதில்லை.

கான்கிரீட்டின் விரிவு இணைப்புகளைக் கேபிள் சும்மா தாண்டக் கூடாது. இணைப்பின் இரு பக்கக் கான்கிரீட்டும் அசையும்போது பிய்ந்துவிடும். ஊற்றிய கான்கிரீட் காயச் சூட்டைப் போட்டு அவசரப்படுத்தவும் கூடாது, வெடிக்கும். நான்கு வாரம் பொறுங்கள்.

கே: காலுக்கடியில் சூடு வைக்கலாம் என்று முதலில் யோசித்தது யார்?
– பொது அறிவு ஆர்வலர், மதுரை

ப: நெருப்பு வைத்து என்றால் ரோமானியர்களும் கொரியர்களும். ரோமானியக் குளியல் மண்டபங்களில் தரையைக் குட்டைத் தூண்கள்மேல் நிறுத்தி அடியில் சூடான புகையை ஓட்டினார்கள். கொரியாவின் 'ஒந்தோல்' அடுப்படிப் புகையையே அறைக்கடியில் அனுப்புவது.

மின்சாரத்தில் என்றால் கதையில் ஒரு பெரிய மனிதர் வருகிறார். அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்டும் வேலையாகப் போனபோது, ஒகுரா என்ற பிரபு குளிர்காலத்தில் விருந்துக்கு அழைத்தார். சாப்பாட்டு அறையில் ரைட் நடுங்கினார். பிறகு ஒந்தோல் வைத்த 'கொரிய அறை'க்கு அழைத்துப் போனார்கள். அடுப்பும் காணோம், ஹீட்டரும் காணோம், உடம்பு மட்டும் இதமாகிவிட்டது. ரைட் சும்மா இருப்பாரா? ஹோட்டலின் குளியலறைத் தரைகளுக்கடியில் மின்சாரச் சூட்டுக் கம்பிகளைப் போடச் சொன்னார். 1923 செப்டம்பர் 1 ஹோட்டலின் திறப்பு விழா. அன்றைக்குத்தான் டோக்கியோவின் மகா பூகம்பமும். கட்டிடம் நின்றது.

கே: கால்பந்து மைதானத்துக்கே கம்பளி போர்த்தினார்களாமே?
– ரசிகர், கொல்கத்தா

ப: போர்த்தவில்லை, அடியில் விரித்தார்கள். 1958-ல் லிவர்பூலில் எவர்ட்டன் அணியின் குடிசன் பார்க் மைதானத்தில் புல்லுக்கடியில் சுமார் 30 கிலோமீட்டர் மின்கம்பி பதித்தார்கள். இங்கிலாந்தில் அதுதான் முதல். வேலை செய்ததா என்றால், தேவைக்கு மேலேயே செய்தது. பனி அத்தனையும் உருகித் தண்ணீராகி, அந்தத் தண்ணீர் போக வடிகால் போதாமல், 1960-ல் மைதானத்தையே தோண்டித் திரும்பப் போட்டார்கள். எடின்பரோவின் மரேஃபீல்ட் ரக்பி மைதானத்துக்கு 1959-ல் ஒரு விஸ்கி வியாபாரி இதேபோல ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். அதற்கு 'எலக்ட்ரிக் பிளாங்கெட்' என்றே பெயர். உள்ளுக்கு விஸ்கி, அடிக்குக் கம்பி. ஸ்காட்லாந்துக்காரருக்கு வேறென்ன வேண்டும்? பின்னாளில் அங்கே கம்பியை எடுத்துவிட்டு வெந்நீர்க் குழாய் போட்டார்கள். மைதானம் பெரிய பரப்பு, பர்மிங்ஹாம் பதிலைப் பார்க்க.

கே: 60-களில் பிரிட்டனில் அடுக்குமாடிகளுக்கு எல்லாம் மின்சாரத் தரைச்சூடு போட்டுப் பெயர் கெட்டது என்கிறார் என் வீட்டுக்காரர். தொழில்நுட்பம் மோசமா?
– அலுவலகக் கட்டிட நிர்வாகி, ஈஸ்ட் ஹாம்

ப: தொழில்நுட்பம் சரி, ஆள் மாறாட்டம் நடந்தது. இரவில் மின்சாரம் மலிவு. ராத்திரி முழுக்கக் கான்கிரீட்டைச் சூடாக்கி வைத்தால் பகல் முழுக்க அது மெதுவாகச் சூட்டை விடும் என்பது திட்டம். விட்டது. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கும் பகலில் காலி அறைக்கு இதமாக விட்டது. மாலை ஆறு மணிக்கு அவர் திரும்பும்போது தரை ஆறிப்போயிருந்தது. போதாததற்குச் சுவரில் இன்சுலேஷன் கிடையாது. அவர் தனி ஹீட்டர் வாங்கினார். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்கட்டணம் ஏறியதும் தரையையே அணைத்துவிட்டார். அறை ஈரம் பூத்தது.

அதே தரையைப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போட்டிருந்தால் கதை வேறு. ஒன்பது மணிக்குச் சூடு இருக்கும், ஐந்து மணிக்கு ஆறும், ஆட்களும் கிளம்பிவிடுவார்கள். உங்களுடையது பகலில் மட்டும் ஓடும் அலுவலகம் என்றால், இரவுக் கட்டணம் தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்து, தைரியமாகக் கணக்குப் போடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது வீட்டுக்குச் சரி.

கே: இறால் ஏற்றுமதிக்காக மைனஸ் 20-ல் குளிர்பதனக் கிடங்கு கட்டுகிறோம். கன்சல்டன்ட் தரைக்கடியில் ஹீட்டர் போடச் சொல்கிறார். ஏசி போட்ட அறையில் அடுப்பு மூட்டுவதா? ஆளை மாற்றலாமா?
– ஏற்றுமதியாளர், தூத்துக்குடி

ப: மாற்றாதீர்கள், ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். இந்தப் பகுதிக்கு வருகிற கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

கிடங்கின் தரையில் எவ்வளவு இன்சுலேஷன் போட்டாலும் குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். கிடங்கு ஒரு நாளும் அணைவதில்லை. சில வருடத்தில் அடி மண் பூஜ்யத்துக்குக் கீழே போகும். மண்ணில் இருக்கும் ஈரம் உறையும். தண்ணீர் பனிக்கட்டியானால் ஒன்பது சதவீதம் பெருக்கும், அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 1930-ஐ ஒட்டி ஸ்டீஃபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் ஒரு குறும்பு செய்தார். மண்ணில் தண்ணீருக்குப் பதில் பென்சீனை ஊற்றி உறைய வைத்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். ஆனாலும் மண் மேலே எழும்பியது! ஆக, பெருக்கம் முக்கியக் குற்றவாளி இல்லை. உறையும் இடம் கீழே இருக்கும் ஈரத்தைத் தன்னிடம் உறிஞ்சி இழுக்கிறது. வந்த ஈரம் உறைந்து ஒரு தகடாகிறது. அடுத்த தகட்டுக்கு இன்னும் இழுக்கிறது. நிலத்தடி நீர் கிடைக்கிறவரை இந்த வேலை ஓயாது. தகடு தகடாகச் சேர்ந்து உங்கள் தரையை ஜாக்கி வைத்ததுபோல் தூக்கும்.

முதலில் கதவு சரியாக மூடாது. கீல் பழுது என்று கீலை மாற்றுவீர்கள். பிறகு ரேக் லேசாகச் சாயும். எட்டு மீட்டர் உயரத்தில் பாலெட்டைத் தூக்கி நிற்கிற ஃபோர்க்லிஃப்டுக்குச் சக்கரத்தடியில் ஒரு சென்டிமீட்டர் கோணல், உச்சியில் பல சென்டிமீட்டர். அப்புறம்தான் தரையில் விரிசலைப் பார்ப்பீர்கள். அவசரப்பட்டு உருக்கினால் இன்னும் மோசம்: தகடு இருந்த இடமெல்லாம் சேறும் பொந்தும். மெதுவாக, மாதக் கணக்கில் உருக்கிப் பொந்துகளை அடைக்க வேண்டும். அதுவரை இறாலை எங்கே வைப்பீர்கள்?

இதைத் தடுக்கத்தான் இன்சுலேஷனுக்கும் அடியில் ஹீட்டர். மண்ணை ஐந்து டிகிரியில் நிறுத்தினால் போதும். சதுர மீட்டருக்கு 15, 20 வாட் போட்டால் தாராளம். கோயில் தரைக்குச் சொன்னதில் எட்டில் ஒரு பங்கு. ஒன்று கெட்டால் இன்னொன்று என்று இரண்டு சர்க்யூட் பதியுங்கள், ஏனென்றால் மேலே தரை போட்டபின் அங்கே யாரும் போக முடியாது. மண்ணுக்குள் சென்சார் வைத்து, அளவைத் தினமும் எழுதச் சொல்லுங்கள். கம்ப்ரெசர் ரீடிங் எழுதுகிறவர் பக்கத்துக் கட்டத்தில் இதையும் எழுதட்டும்.

கே: நம் ஊர் வெயிலில் வெளிக்காற்றே சூடாகத்தானே இருக்கிறது? அதையே கிடங்குக்கடியில் விட்டால் ஓசியில் ஆகாதா?
– அதே ஏற்றுமதியாளர். காபி வாங்கிக் கொடுத்துவிட்டாராம்

ப: வியாபார மூளை! ஆகும். இன்சுலேஷனுக்கடியில் இரண்டு பக்கமும் திறந்த குழாய்களை வரிசையாகப் புதைத்து, வெளிக்காற்றைச் செல்ல விடுகிற முறை உண்டு. வெப்ப நாடுகளுக்குப் பொருத்தமானது. கம்ப்ரெசர் வெளியே தள்ளுகிற கழிவுச் சூட்டைக் குழாய்த் திரவத்தில் ஏற்றி அனுப்புகிற முறையும் உண்டு. ஆனால் தூத்துக்குடிக் காற்று உப்பும் ஈரமுமாக வரும். குளிர்ந்த குழாய்க்குள் அந்த ஈரம் வியர்த்துத் தண்ணீராகும். குழாய் சரிவாக இல்லாவிட்டால் தேங்கி உறையும், உறைந்தால் அடைக்கும், அடைத்தால் காற்று நிற்கும். வாயில் எலி வலையும் வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்றால் குழாய். மறந்துபோகிற கம்பெனி என்றால் மின்சாரம்.

இன்னொன்று: உங்கள் மனை மணலா, கரிசலா? பரு மணல் ஈரத்தை இப்படி இழுக்காது. வண்டலும் களியும்தான் பொல்லாதவை. மண் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கன்சல்டன்டிடம் காட்டுங்கள். கதவு நிலையிலும் வாசற்படியிலும் மட்டும் எந்த மண்ணானாலும் ஹீட்டர் கம்பி வேண்டும். இல்லாவிட்டால் கதவு பனி பிடித்து ஒட்டிக்கொள்ளும், வாசலில் ஆட்கள் வழுக்குவார்கள்.

கே: எங்கள் கட்டிடத்தின் கார் நிறுத்தச் சரிவுப் பாதையில் பனி உருக்கும் கேபிள். பில்லைப் பார்த்து குடியிருப்போர் சங்கம் கொதிக்கிறது.
– சங்கச் செயலாளர், ஆஸ்லோ

ப: சங்கமாவது கொதிக்கிறதே, பாதையைக் கவனிப்போம். பத்து சென்டிமீட்டர் புதுப் பனி சதுர மீட்டருக்குச் சுமார் பத்து கிலோ. அதை உருக்க மட்டும் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சதுர மீட்டருக்கு 300 வாட் தருகிற கேபிளுக்கு மூன்று மணி நேர வேலை. காற்றில் போகும் சூடு தனி. 100 சதுர மீட்டர் பாதைக்கு ஒரு பனிப்பொழிவுக்குக் குறைந்தது 90 யூனிட். இது நியாயமான செலவு. அநியாயம் எங்கே என்றால், வெறும் தெர்மோஸ்டாட் வைத்திருப்பார்கள். அது குளிரை மட்டும் பார்க்கும், பனி பெய்கிறதா என்று பார்க்காது; வறண்ட குளிர் நாளெல்லாம் வெறும் பாதையைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். குளிர், ஈரம் இரண்டும் சேர்ந்தால் மட்டும் ஓடுகிற சென்சாரை மாட்டுங்கள். உருகின தண்ணீருக்குக் கீழே வடிகால் இருக்கிறதா என்றும் பாருங்கள். எவர்ட்டன் கதை மேலே இருக்கிறது.

கே: ஊட்டியில் ஹோட்டல். எல்லா அறைக்கும் போடட்டுமா?
– உரிமையாளர், உதகமண்டலம்

ப: குளியலறைக்குப் போடுங்கள், வரவேற்பறையில் சோபா முன்னால் போடுங்கள். அடியில் இன்சுலேஷன் பலகை இல்லாமல் போட்டால் நீலகிரியைச் சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள். அது பெரிய மலை. ஜன்னல் இடுக்குகளை முதலில் அடையுங்கள். கரண்ட் போகும் நேரத்துக்கு ஜெனரேட்டரில் இந்த லோடைச் சேர்க்க வேண்டாம். கனமான தரை கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

கே: சென்னைக்கு இதைத் திருப்பிப் போட்டுத் தரையைக் குளிர வைக்க முடியுமா?
– வியர்வையுடன், வேளச்சேரி

ப: முடியும், ஆனால் வேளச்சேரியில் இன்னொரு முறை வெள்ளம் வரும். சென்னையில் புழுக்க நாளில் தரை 25 டிகிரிக்குக் கீழே போனாலே காற்றின் ஈரம் அதன்மேல் முத்து முத்தாகப் படியும். காற்றை முதலில் உலர்த்த வேண்டும். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில், 2006 முதல், தரைக்கடியில் குளிர்நீர் ஓட்டி, உலர்த்திய காற்றைக் கீழ் மட்டத்தில் மட்டும் விடுகிறார்கள். அந்த உயரக் கூரை வரை யாரும் குளிரூட்டுவதில்லை, அங்கே பயணிகள் யாரும் இல்லையே. விமான நிலையம் கட்டுகிற உத்தேசம் இருந்தால் சொல்லுங்கள்.

கே: தொழிற்கூடம் என்றால் பன்றிப் பண்ணையும் சேருமா?
– பண்ணையாளர், நாமக்கல்

ப: சேரும், கணக்கும் அங்கேதான் சுவாரசியம். பிறந்த குட்டிக்கு 34 டிகிரி வேண்டும். தாய்க்கு 20 தாண்டினாலே மூச்சு வாங்கும். இரண்டும் ஒரே கூண்டில். அறையை யாருக்காகச் சூடாக்குவது? குளிர் நாட்டுப் பண்ணைகளில் அறையைத் தாய்க்கு விட்டுவிட்டு, மூலையில் ஒரு சின்னப் பலகை அளவுத் தரையை மட்டும் சூடாக்குகிறார்கள். பால் குடித்த குட்டிகள் தாமாகவே அங்கே போய் அடுக்கிப் படுத்துக்கொள்ளும். தாய் புரண்டு படுக்கும்போது நசுங்குவதும் குறைகிறது. நாமக்கல்லில் சித்திரையில் இந்தக் கேள்வியே எழாது. மார்கழி ராத்திரிக்குக் குட்டிகளின் மூலையில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள், போதும்.